கறை ஓரிடம், கசிவு வேறிடம்: வீட்டிற்குள் நீர் புகும் வழிகளும் தடுக்கும் முறைகளும்

தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. தைப்பிங் போன்ற ஊர்களில் அதைவிட அதிகம். மழை பெய்யாத நாளிலும் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தோட்டத்து லயன் வீடாக இருந்தாலும், தாமானில் உள்ள வரிசை வீடாக இருந்தாலும், பத்தாவது மாடியில் உள்ள அடுக்குமாடி வீடாக இருந்தாலும் தண்ணீருடன் போராடாத வீடு இந்த நாட்டில் இல்லை.

பலரும் செய்வது ஒன்றுதான். சுவரில் கறை தெரிந்ததும் புதிதாகச் சாயம் பூசுகிறார்கள். தீபாவளிக்கு முன் பூசிய சாயம் தைப்பூசத்திற்குள் கொப்புளித்து உரிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே செலவு. காரணம், கறை தெரியும் இடமும் நீர் புகும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. கூரையில் ஓரிடத்தில் நுழையும் மழைநீர் உத்தரத்தின் வழியே பல அடி தூரம் ஓடி, வேறோர் அறையின் மூலையில் சொட்டக்கூடும். ஆகவே, எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

ஈரம் செய்யும் சேதம்

சுவர் ஓதம் காப்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி நனைந்து துருப்பிடித்தால் பருத்துவிடும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து, துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். பழைய அடுக்குமாடிகளின் குளியலறைக் கூரையில் கம்பி வெளியே தெரிவது இதனால்தான். மரச்சட்டக் கூரை என்றால் மரம் உளுத்துப்போகும். கரையானுக்கும் ஈரமான மரமே பிடித்த உணவு. மின்கம்பிகள் செல்லும் இடத்தில் நீர் இறங்கினால் மின்கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு.

உடல்நலமும் பாதிக்கப்படுகிறது. வீட்டிற்குள் ஈரமும் பூஞ்சணமும் இருப்பது ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றுடன் தொடர்புடையது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் தெரிவித்துள்ளது. ஓதம் காத்த அறையில் குழந்தைகளையும் முதியவர்களையும் படுக்க வைக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நீர் நுழையும் நான்கு வழிகள்

வீட்டிற்குள் ஈரம் வருவதற்கு நான்கு வழிகள் உண்டு: மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் மழைநீர், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், குழாயிலிருந்தும் குளியலறையிலிருந்தும் கசியும் நீர், காற்றிலிருந்து சுவரில் படியும் ஈரம். கறை எப்போது வருகிறது, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மழை பெய்த சில மணி நேரத்தில் கறை பெரிதாகி, வெயில் நாளில் சுருங்கினால் அது மழைநீர். தரையிலிருந்து முழங்கால் அல்லது இடுப்பு உயரம் வரை மட்டும் சாயம் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். மழையோ வெயிலோ எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குழாயையோ குளியலறையையோ சந்தேகிக்கலாம். அறையின் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்புறமும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்தால் அது பெரும்பாலும் காற்றின் ஈரம்.

சந்தேகம் தீர மூன்று எளிய சோதனைகள் உள்ளன. முதலாவது, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பார்ப்பது. இரண்டு மணி நேரம் கழித்தும் எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. இரண்டாவது, குளியலறையின் தரை வடிகாலை அடைத்து, இரண்டு விரற்கடை அளவு தண்ணீரை 24 மணி நேரம் தேக்கி வைப்பது. தண்ணீரில் சிறிது வண்ணம் கலந்தால் கீழே கசிவதை எளிதில் அடையாளம் காணலாம். மூன்றாவது, கறை உள்ள சுவரில் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைப்பது. தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

கூரை: ஓடும் தகரமும்

ஓட்டுக் கூரையில் ஓடு உடைவதைவிட, ஓடுகள் சேரும் இடங்களே அதிகம் ஒழுகுகின்றன. முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சிமெண்டுக் கலவை வெயிலில் வெடிக்கும். இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் இலை தேங்கினால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் பொதுச் சுவரும் கூரையும் சேரும் கோடு இன்னொரு பலவீனமான இடம். கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் கட்டர் அடைத்துக்கொண்டால் நீர் வெளியே வழியாமல் வீட்டிற்குள் திரும்பிவிடும். மாமரமோ ரம்புத்தானோ கூரை மேல் சாய்ந்திருந்தால் ஆண்டுக்கு இருமுறையாவது கட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

தகரக் கூரையில் பிரச்சினை ஆணியில் தொடங்குகிறது. வெயிலில் தகரம் விரிகிறது, மழையில் சுருங்குகிறது. நாளடைவில் ஆணி தளர்ந்து துளை பெரிதாகிறது. ஆணிக்குப் பதில் ரப்பர் வளையம் உள்ள திருகாணி போடுவது நல்லது. நெளிவுத் தகரக் கூரையில் நீர் ஓடும் பள்ளத்தில் துளையிடாமல் மேட்டில்தான் திருகாணி போட வேண்டும். ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துவிடும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். ஒரு தகரத்தின் மேல் அடுத்த தகரம் ஏறியிருக்கும் அளவும் முக்கியம். மேலும் கீழுமாகச் சேரும் இடத்தில் குறைந்தது 150 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். கூரையின் சாய்வு குறைவாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். பழைய தோட்டத்து வீடுகளில் துருப்பிடித்த தகரத்தின் மேல் தாரைப் பூசுவது வழக்கம். அது ஒரு மழைக்காலத்தைத் தாட்டும். பொத்துப்போன தகரத்திற்கு மாற்றுவதைத் தவிர வேறு நிரந்தர வழி இல்லை.

சமையலறை நீட்டிப்பு: அதிகம் ஒழுகும் இடம்

தாமான் வீடுகளில் பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டுவதும் முன்புறம் போர்ச் போடுவதும் சகஜம். ஒழுகலைப் பற்றிய புகார்களில் பல இந்த இணைப்பிலிருந்துதான் வருகின்றன. பழைய வீடு ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கும். நீட்டிப்போ மேலோட்டமான அடித்தளத்தில் நிற்கும். மண் இறங்கும்போது இரண்டும் ஒரே அளவில் இறங்குவதில்லை. அதனால் இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விழுகிறது. அதைச் சிமெண்டு வைத்து அடைத்தால் சில மாதங்களில் மீண்டும் திறந்துகொள்ளும்.

இப்படிப்பட்ட இணைப்பை அசையும் இணைப்பாகவே கருத வேண்டும். வெடிப்பை அகலப்படுத்திச் சுத்தம் செய்து, ரப்பர் போல இழுபடும் பாலியூரிதேன் பசையால் அடைக்க வேண்டும். கூரை சுவரில் சேரும் இடத்தில் ஃபிளாஷிங் எனப்படும் மடிப்புத் தகட்டைச் சுவரின் மேல் வெறுமனே ஒட்டி ஓரத்தில் சிலிக்கோன் இழுத்துவிடுவது மலிவான வேலை. சுவரில் காடி வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை அதற்குள் செருகி அடைத்தால்தான் சுவரில் வழியும் நீர் தகட்டின் பின்னால் இறங்காது. அஸ்திவாரம் தொடர்ந்து இறங்குவதாகத் தெரிந்தால், பூச்சு வேலையை நிறுத்திவிட்டு ஒரு பொறியாளரிடம் காட்டுவதே சரி.

மொட்டை மாடியும் வெளிச்சுவரும்

கான்கிரீட் தளம் தானாக நீரைத் தடுக்காது. அதில் நுண்துளைகள் உண்டு. போர்ச்சின் மேல்தளமோ மொட்டை மாடியோ வடிகாலை நோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் தூரத்திற்கு ஒரு மில்லிமீட்டர் சரிவாவது தேவை. மழை நின்ற மறுநாளும் தண்ணீர் தேங்கி நின்றால் முதலில் சாய்வைத்தான் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே நீர்த்தடுப்புப் படலம் போடலாம். சூட்டில் உருக்கி ஒட்டும் தார்த்தாள், தூரிகையால் பூசும் பாலியூரிதேன் அல்லது அக்ரிலிக் பூச்சு, சிமெண்டு கலந்த பூச்சு எனப் பல வகைகள் உள்ளன. வெயில் நேரடியாகப் படும் இடத்தில் வெயிலைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பூச்சையும் ஈரத் தளத்தின் மேல் பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி அதைக் கொப்புளிக்கச் செய்யும்.

வெளிச்சுவரில் முடி போன்ற மெல்லிய வெடிப்புகளை, இழுபடும் தன்மையுள்ள வெளிச்சுவர்ச் சாயம் மூடிவிடும். அதைவிட அகலமான வெடிப்பைக் காடியாக வெட்டி அடைத்த பிறகே சாயம் பூச வேண்டும். வரிசையின் கடைசி வீட்டுக்குப் பக்கச் சுவர் முழுவதும் சாரல் அடிக்கும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. சன்னலின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு சிறு காடி இருந்தால் நீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும். சன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள பசை காய்ந்து பிரிந்திருந்தால் பழையதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். பழையதன் மேலேயே பூசினால் நிற்காது.

தரையிலிருந்து ஏறும் ஈரம்

செங்கலும் சிமெண்டுக் கலவையும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து நீரை மேலே இழுக்கும். இதைத் தடுக்கவே சுவரின் அடியில், தரைமட்டத்திற்குச் சற்று மேலே, ஈரத்தடுப்புப் படலம் ஒன்றைக் கட்டும்போதே வைக்கிறார்கள். வெளி நிலத்திலிருந்து குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் அது இருப்பது முறை. வீட்டுக்காரர்கள் அறியாமல் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது. வெள்ளம் வருகிறது என்றோ அழகுக்காகவோ முற்றத்தை உயர்த்திச் சிமெண்டு போடும்போது, அந்தப் படலத்திற்கு மேல் நிலம் ஏறிவிடுகிறது. சுவரை ஒட்டி மண் குவித்துச் செடி வளர்த்தாலும் இதே கதைதான்.

முதல் வேலை, சுவரை ஒட்டிய மண்ணையும் மேட்டையும் குறைத்து, தண்ணீர் கால்வாயை நோக்கி ஓடும்படி செய்வது. கூரையிலிருந்து விழும் நீர் சுவர் அடியில் தேங்காமல் குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போக வேண்டும். இது போதாதபோதுதான், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீரை விலக்கும் மருந்தைச் செலுத்தும் முறைக்குப் போகலாம்.

பழைய கடைவீடுகளுக்கு வேறு கணக்கு. பினாங்கு, ஈப்போ, மலாக்கா நகரங்களில் உள்ள அந்தக் கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டவை. சுண்ணாம்பு, சுவர் உறிஞ்சும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் தன்மையுள்ள சாயத்தையும் அடித்தால் ஈரம் சுவருக்குள்ளேயே அடைபட்டுச் செங்கல்லைத் தூளாக்கிவிடும். அத்தகைய சுவரைச் சுண்ணாம்பு கொண்டே பழுதுபார்க்க வேண்டும். முன்புறத்து ஐந்தடி நடைபாதையும் வெறும் வழி அல்ல; வெயிலும் சாரலும் சுவரில் படாமல் காக்கும் குடை அது.

குளியலறை: டைல்ஸ் நீரைத் தடுக்காது

டைல்ஸ் கற்கள்தான் நீரைத் தடுக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். கற்களின் இடுக்குகள் வழியாக நீர் கீழே இறங்கவே செய்யும். நீரைத் தடுப்பது கற்களுக்கு அடியில் உள்ள படலம். அது தரை முழுவதும் பரவி, சுவரில் குறைந்தது 300 மில்லிமீட்டர் உயரம் ஏறியிருக்க வேண்டும். குளிக்கும் பக்கத்தில் ஆள் உயரம் வரை ஏறுவது நல்லது. வடிகால் வாயைச் சுற்றியும், குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்திலும்தான் படலம் முதலில் பிரியும்.

கசியும் குளியலறையில் பழைய கற்களின் மேலேயே புதுக் கற்களை ஒட்டுவது கசிவை மறைக்குமே தவிர நிறுத்தாது. கற்களை உடைத்து, படலத்தைப் புதிதாகப் போட்டு, புதுக் கற்களைப் பதிக்கும் முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கும் குத்தகையாளரை நம்ப வேண்டாம்.

காற்றின் ஈரம்

குளிர்சாதனம் ஓடும் அறையின் சுவர் குளிர்ந்திருக்கும். கதவையும் சன்னலையும் திறந்ததும் வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று அதில் பட்டு நீராகப் படியும். அங்கே பூஞ்சணம் வளரும். குளிர்சாதனத்தின் வெப்பநிலையை மிகவும் குறைக்காமல் இருப்பது, அலமாரியைச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி வைப்பது, குளியலறைக்குக் காற்றாடி பொருத்துவது, நனைந்த துணியை அறைக்குள் காயப்போடாமல் இருப்பது ஆகியவை செலவில்லாத அல்லது குறைந்த செலவிலான தீர்வுகள். குளிர்சாதனத்தின் நீர்க்குழாய் அடைத்துக்கொண்டாலும், குளிர்க் குழாயைச் சுற்றிய உறை கிழிந்தாலும் சுவர் நனையும். இதைக் கூரை ஒழுகல் என்று எண்ணி ஓடு மாற்றியவர்களும் உண்டு.

பூஞ்சணத்தின் மேல் சாயம் பூசக்கூடாது. முகக்கவசம், கையுறை அணிந்து, சன்னலைத் திறந்துவைத்து, நீர் கலந்த குளோராக்ஸ் வகை வெளுப்பானால் துடைத்துக் காயவிட்ட பிறகே பூச வேண்டும். வெளுப்பானுடன் கழிவறை கழுவும் அமிலத்தையோ அமோனியா உள்ள திரவத்தையோ கலந்தால் நச்சு வாயு உண்டாகும். ஒருபோதும் கலக்கக்கூடாது.

மேல்வீட்டிலிருந்து ஒழுகினால்

அடுக்குமாடிகளில் ஒழுகல் என்பது அண்டை வீட்டாருக்கிடையே சண்டையாக மாறிவிடுகிறது. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், மாடிகளுக்கிடையிலான கசிவைத் தனிப் பகுதியாக எடுத்துக்கொள்கின்றன. கூரைத் தளத்தில் ஈரமோ நீர்க்கசிவோ தெரிந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, கோளாறு நேர் மேலே உள்ள வீட்டிலோ பொதுப் பகுதியிலோ இருப்பதாகவே கருதப்படும்.

பாதிக்கப்பட்டவர் முதலில் கூட்டு நிர்வாக மன்றத்திற்கோ நிர்வாகக் கழகத்திற்கோ எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 7 நாளுக்குள் சோதனை செய்ய வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள் காரணத்தையும் பொறுப்பாளரையும் குறிப்பிட்டு 28ஆம் எண் பாரத்தில் சான்றிதழ் தர வேண்டும். பொறுப்பானவர் அதிலிருந்து 7 நாளுக்குள் பழுதுபார்க்கும் நடவடிக்கையை எடுக்க வேண்டும். மேல்வீட்டார் செய்யாவிட்டால் நிர்வாகமே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். நிர்வாகம் அசையாவிட்டால் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். தேதியுடன் எடுத்த படங்கள், கடித நகல்கள், செலவு ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தவருக்கே வழக்கில் பலம்.

புதிய வீடு வாங்கியவர்களுக்குச் சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் பழுதுப் பொறுப்புக் காலம் உண்டு. அதற்குள் ஒழுகலை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால், மேம்பாட்டு நிறுவனம் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். 24 மாதம் முடிவதற்குள் ஒரு முழு மழைக்காலத்தில் வீட்டைக் கவனமாகப் பார்த்து, குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு முறை வேறு. மேல்வீட்டுக் குளியலறைத் தளத்தின் கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கூட்டாகப் பொறுப்பு. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர வேண்டும். புதிய வீடுகளில் குளியலறையின் தரைக்கற்களையும் சுவர்க்கற்களையும் முதல் 3 ஆண்டுகளுக்கு உடைத்து மாற்ற அனுமதி இல்லை. படலம் சேதமாகக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

குத்தகையாளரிடம் கேட்க வேண்டியவை

'எல்லாவற்றையும் தடுக்கும் மருந்து' என்று சொல்லி, காரணத்தைத் தேடாமலேயே விலை சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. நீர் எங்கே நுழைகிறது என்று அவர் காட்ட வேண்டும். பயன்படுத்தும் பொருளின் பெயர், எத்தனை பூச்சு, எவ்வளவு பரப்பு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், உத்தரவாதக் காலத்தில் ஒழுகினால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, கடைசித் தவணையை நீர்ச் சோதனையோ ஒரு நல்ல மழையோ முடியும்வரை நிறுத்தி வைப்பது பாதுகாப்பு.

எப்போது செய்வது?

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்கள் தீபகற்பத்தில் ஒப்பீட்டளவில் வறண்டவை. கூரை, மொட்டை மாடி, வெளிச்சுவர் வேலைகளுக்கு அதுவே ஏற்ற காலம். மேற்குக் கரையில் அக்டோபர் மாத மாலை மழைக்கு முன்பும், கிழக்குக் கரையில் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பும் வேலையை முடித்துவிட வேண்டும்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, கட்டர், முகட்டு ஓடு, திருகாணி, நீட்டிப்பு இணைப்பு, சன்னல் ஓரம், வடிகால் வாய், சுவர் அடி ஆகிய ஏழு இடங்களைப் பார்த்துவிட்டால் போதும். கூரை மீது ஏறுவது ஆபத்து என்பதால் அனுபவமில்லாதவர்கள் கீழிருந்து கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தொடக்கத்தில் ஒரு குழல் பசையில் முடியும் வேலை, மூன்று மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் கூரையையே மாற்றும் செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.